பெருந்தொற்றுக் காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு வெளிநாட்டுப் பயணம்: போவதா, தள்ளிப்போடுவதா, வரவழைப்பதா?

பெற்றோர் ஒரு நாட்டில், நாம் இன்னொரு நாட்டில், நடுவில் பெருந்தொற்று. கையில் தாத்தா பாட்டி இன்னும் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு குழந்தை. இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "குழந்தையோடு விமானத்தில் போகலாமா, பாதுகாப்பா?"

நியாயமான கேள்விதான். ஆனால் கோவிட் காலத்தில் குடும்பங்கள் மாட்டிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் திரும்பி வரும் வழியில். போகும்போது இருந்த விதி வரும்போது இல்லை, அல்லது வருவதற்கு விமானமே இல்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் திரும்பும் வழிக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கோவிட் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. ஆனாலும் எங்காவது புதுத் தொற்று என்று செய்தி வந்தால் போதும், இதே கேள்வி மறுபடி முளைக்கிறது. திருத்தப்பட்ட சர்வதேச சுகாதார விதிகள் 2025 செப்டம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் 'பெருந்தொற்று அவசரநிலை' என்று தனியாக ஓர் எச்சரிக்கை நிலையே சேர்த்திருக்கிறார்கள். அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் இருக்கும் பாடம் 2020 முதல் 2022 வரை நடந்ததுதான், அதை வைத்தே எடைபோடுவோம்.

## எதை வைத்து எடைபோடுவது

திரும்பும் வழி. போகிற நாட்டின் விதியை எல்லோரும் பார்க்கிறார்கள். நாம் வசிக்கும் நாட்டுக்குள் மறுபடி நுழைய என்ன விதி என்பதைப் பாதிப் பேர்தான் பார்க்கிறார்கள். குடியுரிமை இருந்தால் கவலை இல்லை என்பதுகூட முழு உண்மையாக இல்லை. ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20 அன்று எல்லையை மூடியது. குடிமக்கள் வரலாம் என்றார்கள், ஆனால் அந்த ஜூலையிலிருந்து இத்தனை பேர்தான் இறங்கலாம் என்று வரம்பு வைத்ததால், சொந்த நாட்டுக்கு டிக்கெட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் மாதக்கணக்கில் வெளியே நின்றார்கள். நியூசிலாந்தில் தனிமைப்படுத்தல் அறைக்கு 2021 செப்டம்பரிலிருந்து இணையத்தில் குலுக்கல் முறையில் வரிசை எண். வேலை விசாவில் இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அமெரிக்கத் தூதரகங்கள் 2020 மார்ச் 20 முதல் வழக்கமான விசா வேலைகளை நிறுத்தியதும், விசா முத்திரை புதுப்பிக்க வெளியே போனவர்களின் வேலை ஒரு கண்டத்தில், குடும்பம் இன்னொரு கண்டத்தில் என்று ஆகிவிட்டது.

தாங்கும் நாட்கள். மூன்று வாரம் என்று போய் மூன்று மாதம் இருக்க நேர்ந்தால் என்ன உடையும்? லீவு, சம்பளம், வாடகை, பள்ளிச் சேர்க்கை, தொடர் மருந்து, விசா கெடு. இவற்றில் எது முதலில் உடையுமோ, அதுவரைக்குமான நாட்கள்தான் உங்கள் தாங்குசக்தி. இந்த ஓர் எண்ணைக் கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். பல வீடுகளில் இரண்டு எண்களுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். சண்டை வருவதானால் விமான நிலையத்தில் வருவதைவிட வீட்டிலேயே வந்துவிடட்டும்.

யாருக்கு ஆபத்து. கோவிட் விஷயத்தில் ஆபத்து வயதோடு செங்குத்தாக ஏறியது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போனது. பிள்ளைகளில் ஒரு வயது நிறையாத கைக்குழந்தைகள்தான் சற்றுக் கூடுதல் கவனம் தேவைப்பட்டவர்கள். ஆக, பயணத்தில் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதோடு, குழந்தை தும்மிக்கொண்டே போய் மடியில் உட்காரப்போகும் 75 வயது பாட்டிக்கு என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்று மட்டும்: எல்லாத் தொற்றும் கோவிட் மாதிரி குழந்தைகளை விட்டுவைக்காது. அடுத்தது குழந்தைகளைக் குறிவைத்தால் கீழே சொல்லும் கணக்குகள் பலவும் தலைகீழாகிவிடும்.

காரணம் காத்திருக்குமா. கோடை விடுமுறை காத்திருக்கும். முதல் பிறந்தநாள், மனதைத் தேற்றிக்கொண்டால் காத்திருக்கும். மோசமாகிக்கொண்டே போகும் ஒரு நோயாளி காத்திருக்க மாட்டார்.

பாசிட்டிவ் வந்தால். நான்கு பேர் டெஸ்ட் எடுத்து மூன்று பேருக்கு நெகட்டிவ், நான்கு வயதுக் குழந்தைக்கு மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால் யார் கூட இருப்பார்கள்? 2022 வசந்த காலத்தில் ஷாங்காயில் தொற்று வந்த சின்னக் குழந்தைகளைத் தொற்று இல்லாத பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே விதியைத் தளர்த்தினார்கள். போகிற நாட்டில் இந்த விஷயத்தில் என்ன நடைமுறை என்று தெரியாமல் டிக்கெட் போடவே கூடாது என்பது என் கருத்து.

பிள்ளையின் வயதுக்குத் தகுந்தபடி விதிகளும் சிரமங்களும் எப்படி மாறின என்பதை அட்டவணையாகப் போட்டால் சுலபம்:

| வயது | விமானத்தில் | கோவிட் கால விதிகள் | கவனிக்க |
|---|---|---|---|
| 2 நிறையாதவர் | மடியில் உட்காரலாம், கட்டணம் குறைவு | முகக்கவசம் கூடவே கூடாது; அமெரிக்கா பயணத்துக்கு முந்தைய டெஸ்ட் கேட்கவில்லை | 6 முதல் 11 மாதக் குழந்தை வெளிநாடு போவதானால் தட்டம்மைத் தடுப்பூசியை முன்கூட்டியே ஒரு தவணை போடச் சொல்கிறது அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.; வழக்கமான தவணைகள் அப்புறமும் உண்டு |
| 2 முதல் 4 | தனி இருக்கை கட்டாயம் | அமெரிக்க விமானங்களில் 2 வயதிலிருந்தே முகக்கவசம். உலக சுகாதார நிறுவனமோ 5 வயதுவரை கட்டாயப்படுத்த வேண்டாம் என்றது | தடுப்பூசி கடைசியாக வந்தது இந்த வயதுக்குத்தான் (அமெரிக்காவில் 2022 ஜூன்) |
| 5 முதல் 11 | சொன்னால் புரியும் | ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிந்துரையில் 12 வயதுக்குக் கீழ் பயண டெஸ்ட் விலக்கு. அமெரிக்காவில் டெஸ்ட் உண்டு | பள்ளி நாட்கள் போகும் |
| 12 முதல் | பெரியவர் மாதிரிதான் | தடுப்பூசிச் சான்று கேட்ட இடங்கள் அதிகம் | பெற்றோரின் சான்று பிள்ளைக்குச் செல்லாது |

ஒரே குடும்பத்தில் ஒரே பயணத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதி என்பது இந்த அட்டவணையில் தெரியும். அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்பிப் பழகியவர்களே இதில் தடுமாறினார்கள்.

## வழி 1: எல்லோரும் சேர்ந்து இப்போதே போவது

இதன் பலம் வெளிப்படை. யாரும் யாரையும் பிரிவதில்லை. போன இடத்தில் மாட்டிக்கொண்டாலும் குடும்பமாக மாட்டிக்கொள்கிறோம். இது சின்ன விஷயம் இல்லை. லாக்டவுனில் பிரிந்து கிடந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

விமானத்துக்குள் இருக்கும் ஆபத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம். பெரிய பயணிகள் விமானங்களில் காற்று ஒரு மணி நேரத்துக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது. அதில் ஏறக்குறைய பாதி வெளிக்காற்று, மீதி ஹெப்பா வடிகட்டி வழியாகத் திரும்ப வருவது. அந்த வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் இருமினால் அவர் மூச்சு வடிகட்டிக்குப் போவதற்கு முன்பே நம் முகத்துக்கு வந்துவிடும். அப்புறம், விமானம் தரையில் நிற்கும்போது காற்றோட்டம் எப்போதும் முழு வேகத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது. செக்-இன் வரிசை, பாதுகாப்புச் சோதனை, குடிவரவு வரிசை, டிரான்சிட் கூடம் எல்லாம் சேர்ந்தால் நெரிசலில் நிற்கும் நேரம் பறக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். கைக்குழந்தை இருப்பவர்களை முதலில் ஏறச் சொல்லி அழைப்பார்கள். பெருந்தொற்றில் அந்தச் சலுகையைப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம்: ஒருவர் பைகளோடு முதலில் ஏறி இடம் பிடிக்கட்டும், இன்னொருவர் குழந்தையோடு கடைசியில் ஏறட்டும். குழந்தைக்கு ஜன்னல் ஓர இருக்கை, தலைக்கு மேலுள்ள காற்றுக் குழாய் திறந்தபடி. சாப்பாடு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றுவார்கள்; பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடித்த பிறகு பிள்ளைக்குக் கொடுத்தால் போயிற்று.

டெஸ்ட்டை எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையை மடியில் உட்காரவைத்து, அதன் முதுகு நம் நெஞ்சோடு ஒட்டி இருக்க, ஒரு கையால் இரண்டு குட்டிக் கைகளையும் சேர்த்து அணைத்து, இன்னொரு கையை நெற்றியில் வைத்துத் தலையை நம் தோளில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். குச்சி உள்ளே போய் வருவதற்குள் குழந்தை நம்மைப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. போகும்போது ஒன்று, இறங்கியதும் ஒன்று, திரும்பும்முன் ஒன்று, வந்த பிறகு ஒன்று என்று நான்கு தடவை என்றால், இரண்டாவது தடவைக்கே வெள்ளைக் கோட்டைக் கண்டால் பிள்ளை ஓடும். பி.சி.ஆர். சோதனையில் இன்னொரு சிக்கல் உண்டு: குணமாகிப் பல வாரம் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டும். அதனால் சில நாடுகள் குணமானதற்கான சான்றையும் ஏற்றுக்கொண்டன. பிள்ளைக்குத் தொற்று வந்துபோயிருந்தால் அந்த முதல் பாசிட்டிவ் அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது திரும்பும் வழி. 2020 ஆகஸ்ட் 13 வியாழன் இரவு பிரிட்டிஷ் அரசு ஓர் அறிவிப்பு விட்டது: 15ஆம் தேதி சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்குப் பிறகு பிரான்சிலிருந்து வருபவர்கள் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போயிருந்தவர்களுக்கு நடுவில் கிடைத்தது ஒரே ஒரு முழு நாள். ஒமிக்ரான் என்ற புதிய கோவிட் திரிபுக்கு உலக சுகாதார நிறுவனம் பெயர் வைத்தது 2021 நவம்பர் 26. டிசம்பர் 6க்குள் அமெரிக்கா தன் டெஸ்ட் கெடுவை மூன்று நாளிலிருந்து ஒரு நாளாகச் சுருக்கிவிட்டது. நவம்பரில் கிளம்பியவர்கள் எந்த விதியைப் படித்துவிட்டுக் கிளம்பினார்களோ அது அவர்கள் திரும்பும்போது செல்லவில்லை. மூன்று வாரப் பயணம் என்றால், நடுவில் விதி ஒரு தடவையாவது மாறும் என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

ஓட்டல் தனிமைப்படுத்தல் இருந்த நாடுகளில் அதுதான் பெரிய மறைமுகச் செலவு. ஆஸ்திரேலியாவில் 14 நாள், பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் (ஆபத்து அதிகம் என்று அந்த அரசு குறித்த நாடுகள்) இருந்து வந்தவர்களுக்கு 10 நாள், ஹாங்காங்கில் ஒரு கட்டத்தில் 21 நாள். பணத்தை விடுங்கள், அந்த அறையை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் திறக்காது. கதவைத் தட்டிவிட்டு உணவுப் பையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குழந்தை தூங்குகிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். துணி துவைக்கக் குளியல் தொட்டி. இரண்டு நாளில் கொண்டுவந்த பொம்மைகள் அலுத்துவிடும், அதற்கு மேல் சூட்கேஸ்தான் கார், மெத்தைதான் மைதானம். பள்ளி வயதுப் பிள்ளை ஒரு மாதிரி சமாளித்துவிடும். நடக்கக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தையை அங்கே வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

மற்ற மறைமுகச் செலவுகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட பிறகு வாங்கும் பயணக் காப்பீடு பலவும் 'தெரிந்த ஆபத்து' என்று அதையே விலக்கிவிடும். போகாதே என்று அரசு சொன்ன நாட்டுக்குப் போனால் காப்பீடு மொத்தமாகவே செல்லாமல் போகலாம். டிரான்சிட் விமானம் மலிவு, ஆனால் மூன்றாவது நாட்டின் விதியும் சேர்ந்துகொள்கிறது, டெஸ்ட் கெடுவும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகளோடு போவதானால் நேரடி விமானத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் இல்லை. குழந்தைக்குப் பழகிய பால் மாவும் மருந்தும் திட்டத்துக்கு மேல் இரண்டு வாரத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

யாருக்குச் சரி: இரு நாட்டிலும் நுழைய அசைக்க முடியாத உரிமை இருப்பவர்கள், எங்கிருந்தும் வேலை செய்யக்கூடியவர்கள், பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்காதவர்கள், போனால் இரண்டு மூன்று மாதமாவது தங்கக்கூடியவர்கள். இரண்டு வார லீவில் எல்லோரும் போய் வருவது என்பது இருப்பதிலேயே மோசமான கணக்கு. அதில் பாதி நாள் ஓர் அறைக்குள்ளேயே போய்விடலாம், மீதியில் பாட்டியைக் கட்டிப்பிடிக்கவே பயமாக இருக்கும்.

## வழி 2: தள்ளிப்போடுவது

எதுவும் செய்யாமல் இருப்பது போலத் தெரியும், ஆனால் இதுவும் ஒரு முடிவுதான், இதற்கும் விலை உண்டு.

முதல் விலை, எவ்வளவு நாள் என்று தெரியாதது. "எல்லோருக்கும் தடுப்பூசி போட்டதும் போகலாம்" என்று 2020 கடைசியில் முடிவெடுத்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் முதல் ஊசியைப் போட்டது 2020 டிசம்பர் 8. அமெரிக்காவில் 5 முதல் 11 வயதினருக்கு அனுமதி கிடைத்தது 2021 அக்டோபர் 29. ஆறு மாதக் குழந்தை முதல் நான்கு வயதுவரை உள்ளவர்களுக்கு 2022 ஜூன் ஆகிவிட்டது. அதாவது ஒன்றரை வருஷம். 2020 டிசம்பரில் பிறந்த குழந்தை அதற்குள் ஓடத் தொடங்கியிருக்கும். காத்திருப்பதானால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைச் சரியாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். 'எல்லோருக்கும் தடுப்பூசி' என்பதும் 'தாத்தா பாட்டிக்குத் தடுப்பூசி' என்பதும் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு தேதிகள். என்னைக் கேட்டால் இரண்டாவது போதும்.

அடுத்து, சத்தமில்லாமல் காலாவதியாகும் விஷயங்கள். பல நாடுகளில் குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும், அதிலும் கடைசி ஆறு மாதத்தைச் சில நாடுகள் ஏற்பதில்லை. மடியில் உட்காரும் குழந்தைக்குப் பல விமான நிறுவனங்களில் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம்தான். இரண்டாவது பிறந்தநாள் தாண்டினால் தனி டிக்கெட். விமானம் ரத்தானதற்காகத் தந்த வவுச்சருக்கும் கெடு உண்டு.

ரத்து என்றதும் ஒரு விஷயம். பயணத்தை நீங்களாக ரத்து செய்வதும் விமான நிறுவனம் ரத்து செய்வதும் சட்டப்படி வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நிறுவனம் விமானத்தை ரத்து செய்தால் ஏழு நாளில் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் 2020 ஏப்ரலில் இதையே நினைவூட்டியது. பதற்றத்தில் முன்னதாகவே ரத்து செய்தவர்களுக்கு வவுச்சர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். போகப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவாகிவிட்டாலும், ரத்துக் கட்டணம் கூடும் தேதி வரும்வரை பொறுத்திருந்து பார்ப்பதே லாபம்.

வீடியோ அழைப்பு நேரில் பார்ப்பதற்கு ஈடு இல்லைதான், ஆனால் பயனற்றதும் இல்லை. 18 மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு கொடுக்கிறது. பேச வைக்க முயலாதீர்கள். "தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு" என்றால் குழந்தை போனைத் தட்டிவிடும். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் குழந்தை பாட்டுக்கு விளையாடட்டும், அந்தப் பக்கம் தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருக்கட்டும். நேரில் இருந்தாலும் பாதி நேரம் அப்படித்தானே இருப்பார்கள்.

தள்ளிப்போடும் காலத்தில் குழந்தையின் வழக்கமான தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டாம். 2020இல் உலகம் முழுக்க 2.3 கோடிக் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசித் தவணைகள் தவறிப்போயின என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. எல்லை திறந்ததும் அவசரமாகக் கிளம்பும்போது தட்டம்மை ஊசி பாக்கி இருந்தால் இன்னொரு வியாதியின் வாயில் போய் விழுகிறோம்.

யாருக்குச் சரி: விசா நிலை ஆட்டம் காணும் குடும்பங்கள், மூன்று மாதம் நிறையாத கைக்குழந்தை உள்ளவர்கள், பெற்றோர் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள். பெற்றோருக்கு 80 தாண்டிவிட்டது என்றால் தள்ளிப்போடுவதை 'பத்திரமான' வழி என்று நான் சொல்ல மாட்டேன்.

## வழி 3: ஒருவர் மட்டும் போவது

இதில் இரண்டு வகை. பெரியவர் ஒருவர் தனியாகப் போவது, அல்லது ஒரு பிள்ளையை மட்டும் அழைத்துக்கொண்டு போவது.

தனியாகப் போவது செலவிலும் சிக்கலிலும் மிகக் குறைவு. டெஸ்ட், தனிமைப்படுத்தல், விதி மாற்றம் எல்லாவற்றையும் ஒரு பெரியவர் பொறுத்துக்கொள்வார். விலையைக் கட்டுபவர் வீட்டில் இருப்பவர். காப்பகமும் பள்ளியும் மூடியிருக்கும் காலத்தில் இரண்டு பிள்ளைகளோடு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு ஒற்றை ஆளாக மூன்று வாரம். அது ஆறு வாரமானால்? போகிறவரின் டிக்கெட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு இருப்பவரின் நாட்களைப் பற்றியும் பேசினீர்களா?

யார் போவது என்பதில் உணர்ச்சிக்கு இடம் கொடுக்கக் கூடாத ஓர் இடம் உண்டு. குடும்பத்தின் விசா யார் பெயரில் தொங்குகிறதோ அவர் போவது ஆபத்து. அவர் வெளியே மாட்டினால் உள்ளே இருக்கும் எல்லோருடைய இருப்பும் கேள்விக்குறியாகும். தன் அம்மாவைப் பார்க்க மகன்தான் போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் விசா அவன் பெயரில் இருந்தால் மருமகள் போய் வருவது குடும்பத்துக்குப் பத்திரமாக இருக்கலாம். மருமகள்தான் எல்லாவற்றையும் சுமக்க வேண்டுமா என்று அவள் கேட்டால், அந்தக் கேள்வியும் சரிதான்.

ஒரு பிள்ளையோடு போவதானால், கூட வராத தாய் அல்லது தந்தையின் எழுத்துபூர்வ சம்மதக் கடிதம், நோட்டரி சான்றோடு, கையில் இருக்க வேண்டும். சாதாரணக் காலத்திலேயே எல்லையில் கேட்பார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் அம்மாவோடுதான் போகும், அதில் பேச ஒன்றும் இல்லை. மூத்தது அப்பாவிடம், இளையது அம்மாவிடம் என்று பிரிப்பதை நான்கு வயதுக்காரர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

யாருக்குச் சரி: மருத்துவ அவசரம், சொத்து அல்லது ஆவண வேலை, ஆபரேஷனுக்குக் கூட இருப்பது. தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் இந்த வழியில் அது நிறைவேறாது.

## வழி 4: தாத்தா பாட்டியை இங்கே வரவழைப்பது

பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். 'வயசானவங்களை அலைக்கழிப்பதா?' என்ற தயக்கம். தடுப்பூசி வருவதற்கு முன்பு அந்தத் தயக்கம் முழுக்க நியாயம். ஆபத்து அதிகமுள்ளவரை விமான நிலைய நெரிசலுக்குள் அனுப்புவது சரியான கணக்கு இல்லை.

தடுப்பூசி வந்ததும் நிலைமை மாறுகிறது. மேலே சொன்ன தேதிகளைத் திரும்பப் பாருங்கள்: ஊசி முதலில் போனது முதியவர்களுக்கு, கடைசியில் வந்தது மழலைகளுக்கு. நடுவில் உள்ள ஒன்றரை வருஷமும் பயணம் செய்யத் தகுந்தவர்கள் தாத்தா பாட்டிதான். அவர்களுக்கு லீவு பிரச்சினை இல்லை, பள்ளி இல்லை, மூன்று மாதம் ஆறு மாதமானாலும் கூடவே பேரப்பிள்ளை இருக்கிறது. குழந்தை தன் படுக்கையிலேயே தூங்கும். காப்பகம் மூடியிருந்தால் வீட்டில் இரண்டு கூடுதல் கைகள். எண்ணிக்கையாகப் பார்த்தாலும் நான்கு பேர் டெஸ்ட் எடுப்பதற்குப் பதில் இரண்டு பேர், அதுவும் அசையாமல் உட்காரும் இரண்டு பேர்.

தடைகள் வேறு வகை. முதலாவது, 'உடனடிக் குடும்பம்' என்பதற்கு அரசுகள் வைக்கும் வரையறை. ஆஸ்திரேலியாவில் மனைவி, கணவன், பிள்ளைகள் அந்த வரையறைக்குள் இருந்தார்கள். குடிமக்களின் பெற்றோரைச் சேர்த்தது 2021 நவம்பர் 1 முதல்தான். அதுவரை பேரப்பிள்ளையைப் பார்க்க வருவது பயணக் காரணமாகவே கருதப்படவில்லை. இரண்டாவது, அவர்கள் போட்டுக்கொண்ட தடுப்பூசியை நம் நாடு ஏற்கிறதா என்பது. மூன்றாவது, மருத்துவச் செலவு. வருகையாளர் விசாவில் இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு முன்பே சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால், காப்பீடு கிடைப்பதும் கடினம், கிடைத்தாலும் முன்பே உள்ள நோய்களுக்குச் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். இந்த வழியின் உண்மையான மறைமுகச் செலவு இதுதான், மற்றதெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. விமான நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டால் அன்றாட மருந்து தீர்ந்துபோகும். வரும்போதே மருந்துச் சீட்டில் கடையில் விற்கும் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள், இங்குள்ள மருத்துவருக்கு அதுதான் புரியும்.

அப்புறம், சொல்லக் கூச்சமான ஒன்று. செயலியில் படிவம் நிரப்பு, க்யூஆர் குறியீட்டைக் காட்டு, ஒரு தடவைக் கடவுச்சொல் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தனியாக வராது. எல்லாவற்றையும் நாம் இங்கிருந்தே நிரப்பி, அச்செடுத்த தாளாக அவர்கள் கையில் சேர்த்துவிட வேண்டும். சக்கர நாற்காலி உதவியைக் கேட்டுப் பதிவு செய்தால், நடக்க முடிந்தவர்களையும் வரிசையைத் தாண்டி அழைத்துப் போகக் கூடவே ஓர் ஆள் வருவார். "எனக்கெதுக்கு நாற்காலி" என்று அப்பா முறைப்பார். பதிவு செய்துவிடுங்கள்.

யாருக்குச் சரி: தடுப்பூசி போட்ட, நடமாடும் ஆரோக்கியமுள்ள பெற்றோர், பிள்ளைக்கு ஐந்து நிறையாத குடும்பம், பெற்றோரை அனுமதிக்கும் விசா விதி. இந்த மூன்றும் பொருந்தினால் நான்கு வழிகளில் நான் முதலில் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

## நடுவில் ஒரு நாட்டில் சந்திப்பது?

காகிதத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில் இரு தரப்பும் பயணம் செய்ய வேண்டும், மூன்று நாடுகளின் விதியும் ஒரே நேரத்தில் ஒத்துவர வேண்டும், யாராவது ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றாலும் மொத்தமும் கலைந்துவிடும். 2021இல் தடை விதித்த நாட்டுக்குள் நுழைவதற்காகவே வேறொரு நாட்டில் 14 நாள் தங்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. தனி ஆளாக இருந்தால் யோசிக்கலாம். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

## அவசரம் என்றால்

மேலே சொன்ன எல்லா எடைபோடலும் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் செல்லாமல் போகும். அம்மா ஐ.சி.யூ.வில் என்று வரும் அழைப்பு. அப்போது உட்கார்ந்து ஒப்பிட நேரம் இருக்காது, அதனால் அந்த முடிவை மட்டும் இப்போதே எடுத்து வைத்திருக்க வேண்டும். யார் போவார், யார் பிள்ளைகளோடு இருப்பார், எத்தனை நாள்வரை தாங்கும் என்று.

பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை ஒருவர் மட்டும் போவதுதான், குழந்தை தாய்ப்பாலில் இருந்தால் அம்மாவும் குழந்தையும். தனிமைப்படுத்தலில் இரக்க அடிப்படையில் விலக்கு கேட்கும் வழி பல நாடுகளில் இருந்தது; கேட்பதற்கு மருத்துவமனைக் கடிதம் வேண்டும், அதை அங்கிருக்கும் உறவினர் ஒருவர் அன்றே வாங்கி அனுப்ப வேண்டும். யார் அந்த உறவினர் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். நேரம் காலத்தோடு போய்ச் சேர்ந்தாலும் நோயாளி அறைக்குள் விடுவார்களா என்பது அந்த மருத்துவமனையின் விதியைப் பொறுத்தது. டிக்கெட்டுக்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். சிலர் கண்டம் தாண்டிப் போயும் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. அது தெரிந்தே போனவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும், குழந்தையுடையது உட்பட, ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சம்மதக் கடிதத்தை இரு பெற்றோர் பெயரிலும் தனித்தனியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டரி சான்றும் வாங்கி, பாஸ்போர்ட் உறையிலேயே வைத்துவிடுங்கள். நோட்டரி அலுவலகங்கள் லாக்டவுனில் முதலில் மூடும் இடங்களில் ஒன்று.